மனப்பாடக் காது

எல்லாரும் அவளைக் கிளட்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பத்தொன்பது வருடமாக, நாளுக்கு எட்டுப் பேர் வீதம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்... கிளட்ச்ச மிதிங்கன்னு சொன்னேன்" என்று கத்திக் கத்தி ஒட்டிக்கொண்ட பெயர் அது. பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட விளக்குக் கம்பத்தில் ஏறாமல் தப்பித்தது அந்த பிரேக்கின் புண்ணியம். பொறுமை என்ற சரக்கு அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வீட்டில் அவள் காலடியில் பிரேக் கிடையாது. அதுதான் அவளுடைய பெரிய குறை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பள்ளியின் முதலாளியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வேறு ஊரில், ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். மூன்று கார், நான்கு ஆட்கள். பொறுப்பு முழுவதும் அவளுடையது. "நீ பக்கத்து சீட்ல உக்காந்தது போதும். யோசிச்சு சனிக்கிழமை காலைல சொல்லு," என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அவளுக்குப் போக வேண்டும் போல உயிரே துடித்தது. வெளியே வந்து, அடுத்த மாணவர் காரை மூன்று முறை நிறுத்திப் போட்டபோதுகூட அவள் கத்தவில்லை. அவர்தான் பயந்துபோய், "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார்.

வீட்டில் சொல்ல வேண்டும். சிக்கலே அங்கேதான்.

அவள் கணவர் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவர். கடையில் அவருக்குப் பெயர் 'கம்ப்யூட்டர்'. நாலாயிரம் பாகம், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு இலக்க எண், எந்த அலமாரியில் எந்தத் தட்டு என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும். மெக்கானிக் வாசற்படி ஏறும்போதே அவன் எந்த வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை நாளாக மல்லுக்கட்டுகிறான் என்று தெரிந்து, கேட்பதற்கு முன்னாலேயே பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். நாற்பது வயது வாக்கில் இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போயின. சாதாரணக் காதுக் கருவிக்கெல்லாம் மசியவில்லை. கடையில் அவரைக் கவுன்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கக் கிடங்கில் போட்டார்கள். பத்து வருடம் அங்கே பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பத்து வருடமும் வீட்டில் ஒரு சிலேட்டு இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அதில் எழுதிக் காட்டுவாள். எழுதுவதென்றால் என்ன எழுத முடியும்? 'பால் தீர்ந்துவிட்டது.' 'ஞாயிறு உங்கள் தங்கை வருகிறாள்.' கோபத்தை எழுதுவதற்குள் கோபம் ஆறிப்போய்விடும், அழுகையை எழுதினால் எழுத்து அழிந்துபோகும். பத்து வருடத்தில் அவள் அவரிடம் மனசுவிட்டுப் பேசியது ஒரு சிலேட்டு அளவுகூடத் தேறாது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அறுவை சிகிச்சை செய்து இடது காதுக்குள்ளே காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் போய்க் காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் அதைப் போட்டுவிட்டபோது எல்லாருடைய குரலும் எலி கீச்சிடுவதுபோல இருக்கிறது என்றார். ஆறே மாதத்தில் கிடங்கிலிருந்து கவுன்டருக்குத் திரும்பிவிட்டார். கடையில் எல்லாரும் கை தட்டினார்களாம். அவளும் வீட்டில் சிலேட்டை எடுத்துப் பரணில் போட்டாள். இனிமேல் இந்த வீட்டில் எழுதிக் காட்டுகிற வேலை கிடையாது, பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள் என்று சத்தியம் செய்யாத குறை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே சொன்னாள்.

"என்னங்க, முதலாளியம்மா இன்னிக்கி கூப்பிட்டுப் பேசினாங்க. வேற ஊர்ல கிளை திறக்கறாங்களாம். என்னப் பாத்துக்கச் சொல்றாங்க."

"சரி, போறப்ப கதவ சாத்திட்டுப் போ. வரும்போது பாலும் வாங்கிட்டு வந்துடு," என்றார் அவர்.

தினமும் அவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில்தான் அவள் கடைக்குப் போய் வருகிறேன் என்பாள். அவர் தினமும் கதவு, பால் என்பார். இன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று அவர் காதைக் கேட்கவே இல்லை, நேரத்தைக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டார். எரிச்சலில் அவள் கடைக்குப் போகவும் இல்லை, பால் வாங்கவும் இல்லை. மறுநாள் காலை காப்பி இல்லாமல் அவளுடைய தலைதான் வலித்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நேரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாக. அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்," என்று முடித்தாள். "சனிக்கிழமை பைப்காரன் வர்றேன்னிருக்கான், நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத," என்றார். பத்து நாளாக அவள் பைப்காரனைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்ற சொல் மட்டும் உள்ளே போயிருக்கிறது, மிச்சத்தைப் பழைய சரக்கிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டுவிட்டார். அதுவும் எவ்வளவு அழகாக, எவ்வளவு அன்பாக! ஒரு 'என்ன?' உண்டா, ஒரு 'இன்னொரு தடவ சொல்லு' உண்டா? கேட்காதவர் மாதிரி இருந்தாலாவது கத்தலாம். இவர் எல்லாம் கேட்டவர் மாதிரியே பதில் சொல்கிறார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

பரணில் கிடந்த சிலேட்டு அவள் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. எடுக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக எனக்கென்று ஒன்று கேட்கிறேன், அதைப் பால் கணக்காக எழுதிக் காட்டவா?

புதன்கிழமை மருத்துவமனையில் அவருக்குப் பரிசோதனை நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆடியாலஜிஸ்ட் பெண் அவரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, தன் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு வாக்கியங்களைப் படிப்பாள். அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'மழை வருது, குடை எடுத்துக்கோ.' 'குழந்தை தொட்டில்ல தூங்குது.' இந்த மாதிரி இருபத்தைந்து. போன தடவை தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். அந்தக் காகிதத்தை அவர் கடைக்குக் கொண்டுபோய் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். கிளட்சக்கா அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வாக்கியம் தடங்கலில்லாமல் போயிற்று. ஏழாவதை ஆடியாலஜிஸ்ட் கவனப் பிசகாக விட்டுவிட்டாள். எட்டாவதைப் படித்தாள்: "தபால்காரர் சைக்கிள நிறுத்திட்டு வந்தார்."

"அடுப்புல பால் பொங்குது, பாரு," என்றார் அவர், ஒரு துளி சந்தேகமில்லாமல்.

ஆடியாலஜிஸ்ட் காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பால் பொங்குவதுதான் ஏழாவது வாக்கியம்.

"சார், இந்தப் பட்டியல் முழுசும் உங்களுக்கு மனப்பாடமா?"

அவர் அசடு வழிந்தார். வேண்டுமென்று படிக்கவில்லையாம். ஏழெட்டு தடவை இதே வரிசையில் கேட்டதில் தானாகப் பதிந்துவிட்டதாம். நாலாயிரம் எண் பதிகிற தலையில் இருபத்தைந்து வாக்கியம் பதியாதா? கிளட்சக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எழுந்து போய் ஒரு குட்டு வைக்கலாமா என்றும் வந்தது.

ஆடியாலஜிஸ்ட் அலமாரியிலிருந்து வேறொரு பட்டியலை எடுத்தாள். யாரும் எந்தக் காலத்திலும் சொல்லாத வாக்கியங்கள் அதில் இருந்தன. "நாற்காலி மெதுவா கடிதத்தக் குடிச்சுது," என்று படித்தாள்.

"நாற்காலில உக்காந்து கடிதம் படிச்சேன்," என்றார் அவர்.

"பச்சை சோப்பு படிக்கட்டுக்குப் பாடம் எடுத்துது."

"சோப்பு வழுக்கிப் படிக்கட்டுல விழுந்துட்டாங்க." கொஞ்சம் கவலையோடு, "யாரு?" என்றும் கேட்டார்.

முப்பத்தெட்டு மதிப்பெண் வந்தது. பாவம், அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

"அப்ப இத்தன மாசமா எங்க எல்லார் காதுலயும் பூ சுத்தியிருக்கார்," என்றாள் கிளட்சக்கா.

"ஐயோ, இல்லம்மா. சார் ஏமாத்தல," என்றாள் ஆடியாலஜிஸ்ட். "கருவி அனுப்பறது அரைகுறைச் சத்தம்தான். மீதிய மூளைதான் ஞாபகத்துலேருந்து எடுத்து நிரப்புது. ஒரே கருவிதான் எல்லாருக்கும் வெக்கறோம், ஆனா ஞாபகமும் யோசனையும் நல்லா ஓடறவங்க சீக்கிரம் தேறிடறாங்க. சார் அதுல கெட்டிக்காரர். அதனாலதான் மறுபடி கவுன்டர்ல நிக்கறார். ஆனா பாருங்க, நிரப்பிப் பழகிட்டா, எதிர்ல இருக்கறவங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே நிரப்பிடுது. புதுசா ஏதாவது சொன்னா அது உள்ள நுழைய இடமே இருக்காது. சாயங்காலம் ஆனா இன்னும் மோசம். நாள் பூரா நிரப்பி நிரப்பிக் களைச்சுப் போயிருப்பார்."

"வீட்டுல நான் பேசறது நூத்துக்கு எத்தன அவருக்குக் கேக்கும்னு நினைக்கறீங்க?"

ஆடியாலஜிஸ்ட் சிரித்தாள். "நீங்க எப்பவும் சொல்றதையே சொன்னா, நூத்துக்கு நூறு."

அந்தப் பெண் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கிளட்சக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. "வீட்டுல பதில் சொல்றதுக்கு முன்னாடி, கேட்டத அப்படியே ஒரு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. சத்தமில்லாத இடமா, களைப்பு இல்லாத நேரமாப் பாத்துக்கங்க. அவருக்குத் தெரியாத விஷயமாச் சொல்லிப் பழக்குங்க," என்று ஆடியாலஜிஸ்ட் அடுக்கிக்கொண்டே போனாள். இருபத்தாறு வருடம் கூடவே இருக்கிறவரிடம் அவருக்குத் தெரியாத விஷயமாக எதைச் சொல்வதாம்?

வீட்டுக்கு வந்து அவள் தன் வாயையே கவனித்தாள். கதவ சாத்துங்க. துண்ட காயப்போடுங்க. வெளக்க அணைங்க. பைப்காரன் வந்தானா? சாப்பிட வாங்க. ஆறியாச்சு, வாங்க. ஒரு நாள் முழுக்க இதே ஆறேழுதான், வரிசைகூட மாறாமல். இதைக் கேட்க இம்ப்ளான்ட் எதற்கு, காதுதான் எதற்கு? அவர்மேல் இருந்த எரிச்சல் பாதிக்குப் பாதி தன்மேலேயே திரும்பியதும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கு ஒரு வங்கிக்காரர் வந்து நின்றார். போன வாரம்தான் ஓட்டுநர் தேர்வில் தேறியவர். சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு மதிலிலேயே மோதியிருக்கிறார். "மைதானத்துல மூணாவது கம்பம் வந்ததும் ஸ்டியரிங்க முழுசாத் திருப்புங்கன்னீங்களேக்கா. எங்க தெருவுல கம்பமே இல்ல," என்றார். தேர்வு மைதானத்தில் எல்லாருக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். கம்பத்தை எண்ணித் திருப்பினால் நிச்சயம் தேறலாம். வேறு நாளாக இருந்தால், 'கம்பத்தையா பாப்பீங்க, ரோட்டப் பாக்க வேணாமா?' என்று அவரை வறுத்தெடுத்திருப்பாள். அன்றைக்கு அவள் காசில்லாமல் இரண்டு வகுப்பு எடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு அரை நாள் விடுமுறை. மத்தியானம் ஒரு தூக்கம் போடவிட்டு, அவரைப் பயிற்சிக் காரில் ஏற்றித் தேர்வு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை தேர்வு கிடையாது, ஈ காக்காய் இருக்காது. நடுவில் நிறுத்தி, அவரை ஓட்டுநர் சீட்டுக்கு மாறச் சொல்லி, தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கருவி இருக்கும் காது அவள் பக்கம் வரும். இன்ஜினை அணைத்தாள், கண்ணாடிகளை ஏற்றினாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே," என்றார் அவர்.

"ஓட்ட வேணாம். இப்ப நான் ஒன்னு சொல்வேன். நீங்க பதில் சொல்லக் கூடாது. நான் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான்."

"பால் வாங்கிட்டேன்."

அவள் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. நின்ற கார்தான், என்ன செய்ய? மூச்சை இழுத்து விட்டாள். "பால் இல்லங்க. திருப்பிச் சொல்லுங்க. புதுக் கிளைய என்னப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"புதுக் கிளைய..." அவர் நெற்றி சுருங்கியது. "உன்னப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"வேற ஊர்ல. அஞ்சு மணி நேரம்."

"வேற ஊர்ல. அஞ்சு மணி..." இங்கே அவர் முகம் மாறியது. கண்ணாடி வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் போகணும். ரொம்ப ஆசையா இருக்கு."

அவர் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "உனக்குப் போகணும். ரொம்ப... ஆசையா இருக்கு."

தன் ஆசையை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவளுக்கு, இதற்கா ஐந்து நாள் முட்டி மோதினோம் என்று இருந்தது. "நீங்களும் வரணும். வரலன்னா நான் தனியாப் போவேனான்னு எனக்கே தெரியல. நாளைக்குக் காலைல பதில் சொல்லணும்."

அதையும் சொன்னார். பிசகில்லாமல் சொன்னார். பிறகு ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல அவர் வாய் அசைந்தது.

என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா? 'உன் இஷ்டம்.' சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று கேட்டாலும் உன் இஷ்டம். காதில் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோதுகூட இவளைத் திரும்பிப் பார்த்து, உன் இஷ்டம். அவர் உதடு அசைந்ததுதான் தாமதம், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் இஷ்டம், உன் இஷ்டம்னு எல்லாத்தயும் என் தலைல கட்டிட்டு நீங்க பாட்டுக்கு இருந்துடுங்க! இருபத்தாறு வருஷமா இதே பாட்டு. நாளைக்கு அங்க ஏதாவது கோணலாப் போனா, நீதானே போகணும்னு ஆசப்பட்டவங்கற மாதிரி ஒரு பார்வ பாப்பீங்க. உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயம் கெடையாதா? வேணும்னு சொல்லுங்க, வேணாம்னு சொல்லுங்க, ஏதாவது ஒன்னச் சொல்லித் தொலைங்களேன்!"

மூடிய காருக்குள் அவள் குரல் அவளுக்கே காதை அடைத்தது. அவ்வளவு சத்தத்திலும் அவர் கருவியைக் கழற்றவில்லை. அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

"நான் அதச் சொல்லல," என்றார்.

"பின்ன என்ன சொன்னீங்க?"

"உனக்குக் கேக்கலையா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது தெரியும். என்ன சொன்னார் என்று சுத்தமாகத் தெரியவில்லை. மூடிய கார், அணைந்த இன்ஜின், ஓர் எட்டு தூரம்கூட இல்லை. அவளுடைய இரண்டு காதும் கல்லுக்குண்டாக இருக்கின்றன. தெரியவில்லை.

"வர்றேன்னு சொன்னேன்," என்றார் அவர். "பயமா இருக்குன்னும் சொன்னேன்."

"என்ன பயம்?"

"கடைல ஒருத்தன் படி ஏறும்போதே அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அவன் வாயத் தொறக்கறது சும்மா. எல்லாரும் எனக்குக் காது வந்துடுச்சுன்னு நினைக்கறாங்க. வந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவங்கள எனக்குத் தெரியும்ங்கறதுதான். அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. ஒரு மெக்கானிக் நடந்து வந்தா அவன் யாருன்னு தெரியாது, எதக் கேப்பான்னு தெரியாது. முந்தாநேத்து முப்பத்தெட்டு வாங்கினேனே, அதான் அங்க என் காது. மறுபடி ஏதாவது கிடங்குல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. அந்தப் பத்து வருஷம்... உங்கிட்ட நான் சொன்னதே இல்ல. யாராவது கதவத் தொறந்து உள்ள வர மாட்டாங்களான்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

'அதெல்லாம் ஒன்னும் ஆகாது' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் எதற்குப் பயந்தாலும் அவள் சொல்கிற வாக்கியம் அது. வாயைத் திறந்தாள்.

அவர் விரலை உயர்த்தினார். "பதில் சொல்லாத. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"வர்றேன்னு சொன்னீங்க," என்றாள். "பயமா இருக்குன்னு சொன்னீங்க. கடைல..." அதற்கு மேல் ஓடவில்லை. கடையில் என்னவோ, மெக்கானிக் என்னவோ, கடைசியில் வாசல். அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் பூராவும் இவள் பதிலை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் இருக்கு," என்றாள். அழுகை வந்துவிட்டது. "மறுபடி சொல்லுங்க."

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.